இரண்டின் வர்க்கம்

“முள்ளு 1.62-ல நின்னுச்சு மேடம். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

சிறைப் பார்வையாளர் அறையின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆபரேட்டர் இதை நான்காவது முறையாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே இடத்தில் மூச்சு. பாடம் ஒப்பிக்கிற குரல்.

சர்வேயரம்மா பதில் பேசவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகப் பதினெட்டு வருஷம் எரிந்துபோன கிடங்குகளில் சாம்பலைக் கிளறியவர். அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் பழைய பெயர் கூடவே வந்துவிட்டது. எதிராளி பேசி முடித்த பின்னும் கேட்டுக்கொண்டே நிற்பது அவர் பாணி. அந்த மௌனம் தாங்காமல் எத்தனையோ பேர் உண்மையைக் கொட்டியிருக்கிறார்கள். இந்த மனிதர் கொட்டவில்லை.

உதவியாளனுக்குத்தான் தாங்கவில்லை. பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்க மாட்டான் என்று பஸ் டிப்போவில் அவனுக்குக் கமா என்று பெயர் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன்.

“அண்ணே, நாளைக்குக் காலையில கோர்ட்டு. அங்கேயும் இதையேதான் சொல்வீங்களா? இதைச் சொன்னா ஜெயில் கதவை நீங்களே திறந்து, நீங்களே உள்ள போய், நீங்களே தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட மாதிரி.”

“நடந்ததைத்தானே தம்பி சொல்ல முடியும்?”

நடந்ததாக எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். தொழிற்சாலையில் ஒரு மூடிய தொட்டி. உள்ளே நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த வாயு ஒன்றைச் சூடாக்குவார்கள். நிறமில்லாத அந்த வாயுவின் ஒவ்வொரு துகளும் சூட்டில் இரண்டாகப் பிரிந்து பழுப்பு வாயுவாகும். பிரியப் பிரிய அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் ஏற்றம் நின்றுவிடும். மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து அந்த அழுத்தத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டியது ஆபரேட்டரின் வேலை. பதினெட்டு நாளுக்கு முன்னால், அவர் ஷிஃப்டில், தொட்டியின் வாய் பிளந்தது. பழுப்புப் புகையில் மாட்டிக்கொண்ட ஃபிட்டர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 1.6-ஐத் தாண்டினால் தொட்டியை நிறுத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. ஆபரேட்டரோ மூன்று வாரமாகத் தன் கையெழுத்தில் 1.62, 1.62 என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பார்த்தும் வாய் திறக்காமல் ஓர் உயிரைக் கொன்றார் என்பது வழக்கு.

சர்வேயரம்மா மெதுவாகக் கேட்டார். “அந்த மீட்டர்ல ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல எத்தனை கோடு?”

“பத்து... பத்து பாகம்.”

“அப்போ 1.6 தெரியும். 1.7 தெரியும். 1.62 எப்படித் தெரிஞ்சுது?”

முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ ஒன்று இடறியது. “கண்ணளவுல போடறதுதான் மேடம்.”

“மூணு வாரமும் ஒரே கண்ணளவா?”

காவலர் மணி அடித்தார். திரும்பி நடக்கப் போன ஆபரேட்டர் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, “பாப்பா பரீட்சை எல்லாம் ஒழுங்கா எழுதறாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

வெளியே வந்ததும் கமா, “மேடம், இவரைக் காப்பாத்தறதுக்கு முதல்ல இவர் வாயைக் கட்டணும்” என்றான்.

“வாய் பொய் சொல்லுது கமா. ஏன்னுதான் தெரியல.”

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் அலுவலகம். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, கீழேயிருந்து வரும் சூடான காகித வாசனை. பதிவேட்டின் நகல் மேஜை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. முதல் பக்கத்தில் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘தொட்டியின் வெப்பநிலை இனி 62 டிகிரி. ஆரம்ப அழுத்தம் 1. சமநிலை மாறிலி 2.’

“சூட்டை மாத்தியிருக்காங்க. அன்னியிலேர்ந்துதான் நம்ம ஆள் 1.62 எழுதறார்” என்றார் சர்வேயரம்மா. “மத்த ரெண்டு ஷிஃப்டையும் பாரு. 1.3, 1.4, 1.3. மாத்தறதுக்கு முன்னால இருந்த பக்கத்துலயும் இதே 1.3, 1.4. ஒரே தொட்டி, ஒரே மீட்டர். ஆளுக்கு ஆள் எப்படி மாறும்?”

“மீட்டரே செத்துப்போச்சு. அவங்க பழைய பக்கத்தைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காங்க.”

“சரி. நம்ம ஆள் எதைப் பாத்து அடிச்சார்?”

கமா உதட்டைப் பிதுக்கினான். சர்வேயரம்மா ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். “அந்தச் சீட்டுப்படி முள் எங்க நிக்கணும்னு கணக்குப் போடுவோம்.”

“நான் பிளஸ் டூ கெமிஸ்ட்ரியை ஜன்னல் வழியாப் படிச்சவன் மேடம்.”

“பஸ் கணக்காப் போடு. பஸ் முழுக்க ஜோடிங்கதான் ஏறியிருக்காங்க. ஜோடிக்கு ஒரு டிக்கெட்டு. உள்ள புழுக்கம் ஏற ஏறச் சில ஜோடி சண்டை போட்டுப் பிரியுது. பிரிஞ்சா ஆளுக்கு ஒரு டிக்கெட்டு. பிரிஞ்சதுல சிலது மறுபடி சேருது. ஒரு கட்டத்துல நிமிஷத்துக்கு எத்தனை பிரியுதோ அத்தனை சேர்ந்துடும். அப்புறம் எப்ப எண்ணினாலும் டிக்கெட்டு மாறாது.”

“என் குடும்பம் மாதிரி. உள்ள சண்டையும் நிக்கல, சமாதானமும் நிக்கல, வெளியில பாக்கறவனுக்கு ஆடாம அசையாம இருக்கு.”

“அதுக்குப் பேருதான் சமநிலை. டிக்கெட்டுதான் அழுத்தம். ஆரம்பத்துல ஒண்ணு. அதுல எக்ஸ் பிரிஞ்சுது. மிச்ச ஜோடி?”

“ஒண்ணு கழித்தல் எக்ஸ்.”

“தனி ஆளுங்க?”

“ரெண்டு எக்ஸ். மொத்த டிக்கெட்டு ஒண்ணு கூட்டல் எக்ஸ். பரவால்லையே, எனக்கு வருதே!”

“தனி ஆளுங்க கணக்கை வர்க்கம் பண்ணி, மிச்ச ஜோடியால வகுத்தா ரெண்டு வரணும். எக்ஸைக் கண்டுபிடி.”

கமா போனில் கால்குலேட்டரைத் திறந்தான். 0.6 போட்டுப் பார்த்தான், கொஞ்சம் குறைந்தது. 0.62 போட்டான், துளி கூடிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நடுவில் தேடினான். சர்வேயரம்மா இதற்குள் தன் தாளில் நான்கே வரியில் முடித்துப் பேனாவை மூடிவிட்டார்.

“பாதி. எக்ஸ் அரை. மொத்தம் 1.5” என்றார். “ஜாக்கிரதையா ஓடற தொட்டி. 1.6-க்குள்ளதான் இருந்திருக்கணும்.”

“இல்ல மேடம், உங்களுக்குத்தான் எங்கயோ இடிக்குது.” கமா தாளைத் தூக்கிக் காட்டினான். “எக்ஸ் 0.618. ஒண்ணைக் கூட்டினா 1.62. அவர் எழுதினதேதான்!”

சர்வேயரம்மா தாளைப் பிடுங்கினார். வெகுநேரம் அதையே பார்த்தார். திட்டு விழப் போகிறது என்று கமா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“ரெண்டு எக்ஸை வர்க்கம் பண்ணச் சொன்னேன். நீ எக்ஸை மட்டும் வர்க்கம் பண்ணிட்டு ரெண்டை அப்படியே விட்டுட்ட. நாலு எக்ஸ் ஸ்கொயர் வரவேண்டிய இடத்துல ரெண்டு எக்ஸ் ஸ்கொயர்.”

“தப்புதான் மேடம். வேற தாளு குடுங்க...”

“குடுக்க மாட்டேன். இந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டப் போறேன்.” அவர் கண்கள் பளிச்சிட்டன. “கமா, மீட்டர் மக்கர் பண்ணும், துரு ஏறி நிக்கும், கன்னாபின்னான்னு ஆடும். ஆனா ரெண்டை வர்க்கம் பண்ண மட்டும் மறக்காது. அந்த மறதி மனுஷனுக்குத்தான் வரும். 1.62-ஐ யாரும் மீட்டர்ல பாக்கல. யாரோ காகிதத்துல போட்ட கணக்கு அது. தப்பாப் போட்ட கணக்கு.”

கமா எழுந்தே விட்டான். “அப்போ நம்ம ஆள் அழுத்தம் ஏறினதைப் பாக்கவே இல்ல! பாக்காதவர் எப்படிப் பாத்தும் சும்மா இருந்தவர் ஆவார்?”

“குதிக்காத. பாத்தேன்னு சொன்னா உயிர்ப்பலி. பாக்கலைன்னு சொன்னா பொய்ப் பதிவு. ரெண்டும் ஜெயில்தான், வருஷம்தான் வித்தியாசம். மீட்டர் செத்தது மேலிடத்துக்குத் தெரியும்னு காட்டினாத்தான் இவர் வெளிய வருவார். அவர் எட்டாவதோட நின்னவர். எக்ஸ் போட்டு இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. போட்டுக் குடுத்த ஆள் வேணும்.”

“சூப்பர்வைசர்!”

“போய்ப் பாப்போம்.”

சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலை வாசலில் சூப்பர்வைசரைப் பிடித்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் மூன்று நிறத்தில் பேனா. மீட்டர் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

“பழைய மீட்டர் நல்லாத்தான் வேலை செஞ்சுது. விபத்துல அடிபட்டுச்சு, மறுநாளே புதுசு போட்டோம். பழசு உருக்கறதுக்குப் போயாச்சு. போலீஸ்ல கேட்டுக்கிட்டுத்தான் எல்லாம்.”

“சரிங்க, உங்களைத் தொந்தரவு பண்ணல” என்று திரும்பிய சர்வேயரம்மா, ஏதோ ஞாபகம் வந்தவர்போல நின்றார். “படிச்சவரா இருக்கீங்க, ஒரு உதவி. இவர் பொண்ணுக்கு வீட்டுப்பாடம். ஒரு வாயு ரெண்டாப் பிரியுது, மாறிலி ரெண்டு. மொத்த அழுத்தம் கேக்கறாங்க. எங்களுக்கு வரவே மாட்டேங்குது.”

“ஒன்றரை.” அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ரெண்டையும் சேர்த்து வர்க்கம் பண்ணணும்மா, நாலு எக்ஸ் ஸ்கொயர். அதை விட்டுடுவாங்க பொண்ணுங்க. வரட்டுமா?”

அவர் உள்ளே போனதும் கமாவின் தோள் தொங்கிவிட்டது. “சரியாப் போட்டுட்டாரே மேடம். எனக்கு இல்லாத பொண்ணுக்கு வீட்டுப்பாடம் முடிஞ்சதுதான் மிச்சம்.”

சர்வேயரம்மா தொழிற்சாலை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது.

மூன்றரை மணிக்கு ஆபரேட்டரின் வீட்டுக்கு வந்தார்கள். முன்னறையில் தையல் மெஷின். அதைச் சுற்றி வெட்டிப் போட்ட நீலத் துணிகள். இந்த வழக்கை அவர்களிடம் கொண்டுவந்தவர் ஆபரேட்டரின் மனைவிதான். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தவரின் கண்ணில் ‘ஏதாவது உண்டா’ என்ற கேள்வி நின்றது. கமா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

“உங்க வீட்டுக்காரர் வேலை விஷயமா யார்கிட்டயாவது கணக்குக் கேப்பாரா?”

“அவர் யார்கிட்டயும் எதுவும் கேக்கமாட்டார் மேடம். தெரியாதுன்னு சொல்லக் கூச்சம். வீட்டுல பாப்பாகிட்ட கேப்பார், அவ்வளவுதான்.”

சர்வேயரம்மா கமாவைப் பார்த்தார். காலையில் வலையில் கோத்த விரல்களும், பாப்பா பரீட்சை எழுதினாளா என்று கேட்ட குரலும் இப்போதுதான் அவனுக்கு வேறு மாதிரி கேட்டன.

நாலரைக்குப் பெண் பள்ளியிலிருந்து வந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள், ஒல்லி, பையை இறக்காமலே நின்றாள். சர்வேயரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“அப்பாவுக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுத்தியாம்மா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பையைத் திறந்து, அட்டை போட்ட வேதியியல் நோட்டிலிருந்து மடித்த ஒரு தேர்வுத்தாளை எடுத்து நீட்டினாள். நடுவில் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஆசிரியையின் எழுத்து: ‘2x முழுவதையும் வர்க்கம் செய்! 4x². எத்தனை தடவை சொல்வது?’

“அப்பாவைப் பிடிச்சுட்டுப் போன ரெண்டாம் நாள் இந்தத் தாள் கைக்கு வந்துச்சு ஆன்ட்டி. அப்பத்தான் தெரிஞ்சுது, அப்பாவுக்குப் போட்டதும் இதே தப்புன்னு.” குரல் நடுங்கவில்லை. நிறைய முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். “மீட்டர் முள்ளு சிக்கிக்கிச்சு, ஏதாவது எழுதிக்கோன்னு சொல்லிட்டாங்க, வாய்க்கு வந்ததை எழுத மனசு வரல பாப்பா, சரியா எவ்வளவு வரணும்னு பாத்துச் சொல்லுன்னார். நான்தான்... 1.62னு எழுதிக் குடுத்தேன். கணக்குல வர்றதுதானேன்னு 1.6 வரம்பை அவர் யோசிக்கவே இல்ல. அதைச் சட்டைப் பையிலயே வெச்சிருந்தார்.”

மெஷின்மேல் கை ஊன்றி நின்ற தாய் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “இதை ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“போன வாரம் அப்பாவைப் பாக்கப் போனேன்ல? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பாவே சொன்னார், ‘உன் கணக்கு கரெக்டும்மா, அப்புறம் மீட்டர் சரியாச்சு, முள்ளும் அதையேதான் காட்டுச்சு’ன்னு. அவருக்கு யாரோ சொல்லிட்டாங்க போலிருக்கு. நான் நம்பின மாதிரி தலையாட்டிட்டு வந்தேன்.”

தன் பெண்ணின் ஒரு கணக்கைச் சரியாக்குவதற்காக ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகிறான் என்பது கமாவின் மண்டைக்குள் மெல்ல மெல்லத்தான் ஏறியது.

சர்வேயரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நீ எழுதிக் குடுத்த அந்தத் தாள் எங்கம்மா? அது ஒண்ணு போதும். நாங்க அப்பாவை வெளிய கொண்டு வந்துடுவோம்.”

“போலீஸ்ல அப்பா சட்டையைத் திருப்பிக் குடுத்தப்போ பையிலதான் இருந்துச்சு. பின்பக்கம் சூப்பர்வைசர் அங்கிள் எழுதினதும் இருக்கு, ‘மீட்டர் வர ஒரு மாதம் ஆகும்’னு.”

கமா பாதி எழுந்துவிட்டான். “எங்க? எங்க அது?”

“அங்கிள்கிட்டயே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.”

“யார்கிட்ட?”

“சூப்பர்வைசர் அங்கிள்கிட்ட. அப்பாவோட ஃப்ரெண்டுதானே. தப்பு என்னோடது, அப்பாவை விட்டுடச் சொல்லுங்கன்னு எல்லாத்தையும் சொன்னேன். எந்த இடத்துல தப்புன்னு கூடக் காட்டினேன். ‘நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படி’ன்னு வாங்கி வெச்சுக்கிட்டார்.”

சர்வேயரம்மா கண்களை மூடிக்கொண்டார். “ஆரம்ப அழுத்தம் எவ்வளவுன்னு நான் சொல்லவே இல்ல கமா” என்றார், வாய்க்குள்ளேயே. “அவர் கேக்கவும் இல்ல. தாளும் இல்லாம, பேனாவும் எடுக்காம, எடுத்த எடுப்புல ஒன்றரைன்னார். அந்தக் கணக்கு அவருக்கு ஏற்கனவே தெரிஞ்ச கணக்கு. பொண்ணுங்க விட்டுடுவாங்கன்னு வேற சொன்னார். ஜெயில்ல நம்ம ஆள்கிட்ட போட்டுக் குடுத்ததும் அவராத்தான் இருக்கும்.”

“இப்பவே போய்ப் பிடிப்போம் மேடம்!”

“எதை வெச்சு? மீட்டர் உருகிப் போச்சு. அந்தத் தாள் இந்நேரம் சாம்பல்.” சாம்பலோடு பதினெட்டு வருஷம் பழகியவர் அவர். அதிலிருந்து எதைத் திரும்ப எடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்று தெரிந்தவர்.

வக்கீலுக்குப் போன் போட்டார்கள். தேர்வுத்தாளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவர் நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தார். பெண் கணக்கில் தப்புப் பண்ணுவாள் என்பதற்கு அது சாட்சி, மீட்டர் கெட்டதற்கு அது சாட்சி இல்லை என்றார். ஆனாலும் பெண் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னால் நீதிபதி மறு விசாரணைக்கு உத்தரவிடலாம், சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அது ஒன்றுதான் வழி என்றார்.

“நான் சொல்றேன்” என்றாள் பெண், போன் பேசி முடிவதற்குள்.

மறுநாள் காலை பத்தரை. நீதிமன்ற அறையில் மேலே ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பெண் முன் பெஞ்சில் அம்மாவுக்கும் சர்வேயரம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு, தேர்வுத்தாள் இருந்த பக்கத்தில் விரலை நுழைத்து வைத்திருந்தாள். பின்னால் மூன்றாவது வரிசையில் சூப்பர்வைசர். ஃபிட்டரின் அண்ணன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

பக்கவாட்டுக் கதவு வழியாக ஆபரேட்டரைக் கொண்டுவந்தார்கள். கூண்டில் ஏறும்போது அவர் மனைவியைத் தேடினார். மகளைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்வேயரம்மாவைப் பார்த்தார். கமாவுக்கு அந்த முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது தெரிந்தது. ‘வேண்டாம்ணே’ என்று வாய்வரைக்கும் வந்தது.

வக்கீல் எழுந்தார். “கனம் நீதிபதி அவர்களே, எங்கள் தரப்பில் புதிதாக ஒரு சாட்சியை...”

“ஐயா!” ஆபரேட்டர் கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “சாட்சி எதுவும் வேணாங்கய்யா. நான் ஒத்துக்கறேன்.”

வக்கீல் திரும்பி அவரைத் தடுக்கப் பார்த்தார். நீதிபதி கையை உயர்த்தினார்.

“எதை ஒத்துக்கறீங்க?”

“முள்ளு 1.62-ல நின்னுச்சுங்க. மூணு வாரமும் நின்னுச்சு. நான் பாத்தேன். பாத்தும் யார்கிட்டயும் சொல்லல. அவன் செத்ததுக்கு நான்தான் காரணம்.”

“யாராவது இப்படிச் சொல்லச் சொல்லி உங்களை வற்புறுத்தினாங்களா?”

“இல்லீங்கய்யா.”

“இதோட விளைவு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதாங்கய்யா.” அவர் மகளைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தட்டச்சர் தட்டத் தொடங்கினார். வக்கீல் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். தண்டனையை அடுத்த வாரம் அறிவிப்பதாக நீதிபதி சொன்னார். சுவரோரம் நின்ற ஃபிட்டரின் அண்ணன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே போனார். சூப்பர்வைசர் அவருக்கு வழி விட்டு, அவர் பின்னாலேயே போனார்.

பெண் சர்வேயரம்மாவின் புடவைத் தலைப்பை இழுத்தாள். “ஆன்ட்டி, என்னை எப்பக் கூப்பிடுவாங்க?”

அவர் அவள் மடியிலிருந்த நோட்டை மெல்ல மூடி வைத்தார். கமாதான் சொன்னான்.

“இனிமே கூப்பிட மாட்டாங்கம்மா.”

அதற்குள் அடுத்த வழக்கின் எண்ணை வாசித்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் உட்கார இடம் தேடி வந்து அவர்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்றது. நான்கு பேரும் எழுந்து இடம் விட்டார்கள்.